நாண் அறுந்தால் கை நிற்கும்

(ஆங் மோ கியோவில் தோட்டத் தொழிலாளரும் எழுத்தரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இந்த ஆங் மோ கியோ, ஒரு காலத்தில் ரப்பர் மரம் நின்ற மண். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே தோட்டங்கள் இருந்தன. 1973இல் புதுநகர் வேலை தொடங்கியபின் அடுக்குமாடிகள் எழுந்தன. மரங்கள் போய்விட்டன. ஆனால் மரத்தை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் இங்கும் இருக்கின்றன, அக்கரையிலும் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "தோளில் நரம்பு இழுத்துக்கொண்டது, கை தூக்க முடியவில்லை." இந்தப் பேச்சைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

முதலாளிக்கு நிலம் உண்டு, மரம் உண்டு, வங்கியில் பணம் உண்டு. நமக்குள்ள முதல் இந்த இரண்டு கை. ஆகவே கை எப்படிக் கெடுகிறது, கெட்டால் எப்படிச் சீராகும், விஞ்ஞானம் அதற்கு என்ன செய்திருக்கிறது, இன்னும் என்ன செய்ய முடியவில்லை என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டருக்கு மட்டும் தெரிந்தால் போதாது.

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வோம். நாம் நரம்பு என்று சொல்வது பெரும்பாலும் நரம்பன்று. நரம்பு என்பது மூளையின் சேதியைக் கொண்டுபோகும் தந்திக் கம்பி. நாம் சொல்லும் பொருளுக்குப் பெயர் தசைநாண். வில்லுக்கு நாண் இருப்பதுபோல் தசைக்கும் ஒரு நாண் இருக்கிறது. தசை சுருங்குகிறது, அந்த இழுப்பை நாண் எலும்புக்குக் கொண்டுபோகிறது, எலும்பு அசைகிறது. கத்தி பிடிக்கும் விரலானாலும், வாளி தூக்கும் தோளானாலும், மேடேறும் குதிகாலானாலும் கதை இதுதான். தசை எவ்வளவு பலமாக இருந்தாலும் நாண் அறுந்தால் கை நின்றுவிடும்.

இந்த நாண் எதனால் ஆனது? பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். அந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டு சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேலை செய்த ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஆஸ்திரேலியாவிலிருந்து கிடைத்த கங்காருவின் வால் நாணை எடுத்து, ஊடுகதிர்ப் படம் பிடித்துக் கணக்குப் போட்டார்கள். மூன்று இழைகள் சேர்ந்தது கொலாஜன் என்று 1954இல் வெளியிட்டார்கள். அந்த மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டவை என்று 1955இல் மேலும் திருத்திச் சொன்னார்கள். முப்புரிக் கயிற்றை அறியாதவர் நம்மில் யார்? ஒரு புரி தனியாக இருந்தால் எளிதில் அறும். மூன்றை முறுக்கினால் பாரம் இழுக்கும். நம் உடம்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத அந்த முப்புரிக் கயிறுகள் கோடிக்கணக்கில் ஒரே திசையில் அடுக்கப்பட்டு நாணாக இருக்கின்றன. உலகம் முழுவதும் தசைநாண் ஆராய்ச்சி செய்கிறவர்கள் சென்னையில் போட்ட அந்த அடித்தளத்தின்மேல்தான் நிற்கிறார்கள்.

சரி, கை வெட்டுப்பட்டால் சதை கூடிவிடுகிறதே, எலும்பு முறிந்தால் ஒட்டிக்கொள்கிறதே, நாண் மட்டும் ஏன் சரியாகக் கூடுவதில்லை? காரணம் இரண்டு. ஒன்று, நாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு, உயிரணுக்களும் குறைவு. பழுது பார்க்க ஆளும் இல்லை, சாமானும் வந்து சேர்வதில்லை. இரண்டாவதைச் சொல்ல, பால்வெட்டுக்காரரிடம் பால்மரத்தைக் காட்டினால் போதும்.

1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பவர், மரத்தைக் கெடுக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அதன் சூட்சுமம் உங்களுக்குத் தெரியும். கத்தி பட்டையோடு நிற்கவேண்டும், மரத்தைத் தொடக்கூடாது. பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள மெல்லிய வளர்படலம் தப்பினால், சில ஆண்டுகளில் பட்டை முன்போல் வளர்ந்து மறுபடியும் வெட்டத் தரும். ஆழ வெட்டிவிட்டால்? காயம் ஆறத்தான் செய்யும். ஆனால் முண்டும் முடிச்சுமாக ஆறும். அந்த இடத்தில் நேராகக் கோடு போட முடியாது.

அறுந்த நாண் ஆறுவதும் அப்படித்தான். உடம்பு அவசரமாக ஒரு வடுவைப் போட்டு மூடுகிறது. அந்த வடுவிலும் கொலாஜன் உண்டு; ஆனால் இழைகள் ஒரே திசையில் அடுக்கப்படாமல் தாறுமாறாகக் கிடக்கும். பார்த்தால் நாண்போல் இருக்கும், பழைய பாரத்தைத் தாங்காது. ஆகவே நாணுக்கு வேண்டியது வெறும் ஆறுதல் அன்று. பட்டை திரும்ப வளர்வதுபோல் ஒழுங்கான மறுவளர்ச்சி.

டாக்டர்கள் என்ன செய்கிறார்கள்? அறுந்த முனைகளைத் தைக்கிறார்கள். தோளிலே எலும்போடு சேர்த்துக் கட்டுகிறார்கள். பலருக்கு இது நல்ல பலன் தருகிறது. ஆனால் பெரிய கிழிசலில் தையல் நிற்பது கடினம். 2004இல் அமெரிக்க டாக்டர்கள் ஒளிக்காமல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். பெரிய கிழிசல் கண்ட 18 பேருடைய தோளைச் சிறு துளைவழிச் சிகிச்சையில் தைத்தார்கள். ஓராண்டுக்குப் பின் ஒலியலைப் படம் எடுத்துப் பார்த்தால், 17 பேருக்கு மறுபடியும் விட்டுப்போயிருந்தது! முதல் ஆண்டில் வலி குறைந்தது, கை அசைந்தது என்பதும் உண்மை. ஆயினும் தையல் மட்டும் போதாது என்பது அதிலிருந்து தெளிவாயிற்று.

அப்படியானால் செயற்கையாக ஒரு நாண் செய்து வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். "நம் ரப்பரிலேயே செய்யலாமே" என்று ஒரு தோழர் வேடிக்கையாகச் சொன்னார். ரப்பர் ஆகாது. நல்ல ரப்பர் தன் நீளத்தைப்போல் ஆறேழு மடங்கு நீண்டு திரும்பும். நாணோ நூற்றுக்கு எட்டுப் பத்துப் பங்கு நீளுவதற்குள் கிழியத் தொடங்கிவிடும். நீளாமல் இருப்பதுதான் அதன் வேலை. நாண் ரப்பராய் இருந்தால், தசை இழுக்கும்போது நாண் நீளுமே தவிர விரல் மடங்காது. நீளாத கரிநாரையும், டெஃப்லான் இன நாரையும் 1970களிலும் 80களிலும் முழங்கால் இணைப்புகளில் வைத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் பலமாக இருந்தன. நாளாக ஆகத் தேய்ந்து, துகள் உதிர்ந்து, மூட்டு வீங்கியது. உயிரில்லாத பொருள் தேய்ந்தால் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளாது. உயிருள்ள நாண் புதுப்பித்துக்கொள்ளும். இந்தப் பாடத்திலிருந்துதான் அடுத்த யோசனை பிறந்தது.

அந்த யோசனையைச் சாரம் என்ற ஒரு சொல்லில் அடக்கலாம். இந்த வட்டாரத்து அடுக்குமாடிகளுக்குச் சாயம் பூசும்போது சாரம் கட்டுகிறார்கள். ஆள் ஏறி நின்று வேலை செய்கிறார். வேலை முடிந்தால் சாரத்தைப் பிரித்துவிடுகிறார்கள், கட்டடம் நிற்கிறது. அதேபோல், அறுந்த நாணின் இடத்தில் உயிரணுக்கள் ஏறி நிற்க ஒரு சாரம் வைப்பது. அவை அதில் பரவி, சாரத்தின் நூல் ஓடும் திசையிலேயே புதுக் கொலாஜனை அடுக்கவேண்டும். புதுநாண் பலம் பெறப் பெறச் சாரம் மெல்லக் கரைந்து மறையவேண்டும். முன்னதாகக் கரைந்தால் நாண் அறும். கரையாமலே இருந்தால் பழைய கரிநார்க் கதைதான். இந்தக் காலக்கணக்குதான் முழு வித்தையும்.

இந்த வேலை நமக்கு எட்டாத தூரத்தில் மட்டும் நடக்கவில்லை. இதே தீவின் மேற்குப் பக்கத்தில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் நடந்திருக்கிறது. தானே கரையும் தையல் நூலின் இனத்தைச் சேர்ந்த நூலைப் பின்னலாகப் பின்னி, அதில் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த உயிரணுக்களை ஏற்றி, முயலின் குதிகால் நாணில் வைத்தார்கள். 2003இல் வெளியான அந்த ஆராய்ச்சியில் ஓயாங், ஜேம்ஸ் கோ முதலியோரின் பெயர்களோடு தம்பையா என்ற பெயரும் இருக்கிறது. உயிரணு ஏற்றிய பின்னலில் வளர்ந்த நாண், சாதாரண நாணின் விறைப்பில் 87 விழுக்காட்டை எட்டியது. உயிரணு ஏற்றாத பின்னலோ 56 விழுக்காட்டில் நின்றது. சாரம் மட்டும் போதாது, அதில் ஏறி வேலை செய்ய ஆளும் வேண்டும் என்பது அதிலே தெரிந்தது.

பிறகு ஜேம்ஸ் கோவும் தோ சியூ லோக்கும் அவர்களுடன் வேலை செய்தவர்களும் பட்டு நூலை எடுத்துக்கொண்டார்கள். ஆம் தோழர்களே, பட்டுப்புழுவின் அதே பட்டு. காஞ்சிபுரத்து நெசவாளர் நூலுக்குச் சாயமேற்றுமுன் அதை வேகவைத்து மேலே உள்ள பசையைப் போக்குவார்கள் அல்லவா? ஆராய்ச்சிக்கூடத்திலும் முதல் வேலை அதுதான். அந்தப் பசை உடம்பில் ஒவ்வாமை தரக்கூடியது. அதை நீக்கினால் எஞ்சும் பட்டு பலமானது, மெதுவாகக் கரைவது. அந்தப் பட்டுச் சாரத்தில் உயிரணுக்களை ஏற்றிப் பன்றியின் முழங்கால் இணைப்பு நாரின் இடத்தில் வைத்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். 24 வாரம் கழித்துப் பார்த்தபோது சாரத்துக்குள் உயிரணுக்கள் பரவியிருந்தன. நார் எலும்போடு சேரும் இடமும் உருவாகியிருந்தது. இணைப்பு நார் எலும்பையும் எலும்பையும் கட்டுவது, தசைநாணுக்கு உறவுமுறை. ஒன்றில் கற்றது மற்றதற்கு உதவும்.

இவை விலங்குகளில் நடந்த பரிசோதனைகள் என்பதை மறக்கக்கூடாது. மனிதரிடம் வந்து சேர்ந்தவை எவை? மூன்றைச் சொல்கிறோம்.

முதலாவது, பன்றிக் குடலின் உட்படலத்தால் செய்த ஒட்டு. 2006இல் வெளியான ஒரு பரிசோதனையில் 30 தோள்களைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒட்டு வைத்த 15இல் 4 மட்டுமே கூடின. ஒட்டு வைக்காமல் தைத்த 15இலோ 9 கூடின! உதவுமென்று வைத்தது உபத்திரவமாயிற்று. இரண்டாவது, தானம் செய்யப்பட்ட மனிதத் தோலிலிருந்து உயிரணுக்களை நீக்கிச் செய்த ஒட்டு. 2012இல் வெளியான பரிசோதனையில், இதை வைத்த தோள்களில் 85 விழுக்காடு கூடி நின்றன. வைக்காதவற்றில் 40 விழுக்காடுதான். மூன்றாவது, மாட்டின் நாணிலிருந்து சுத்தம் செய்த கொலாஜன் வில்லை. 2014இல் அமெரிக்க அரசாங்கத்தின் அனுமதி பெற்றது. இது பாரம் தாங்குவதற்கு அன்று. பாதி கிழிந்த நாணின்மேல் போர்த்திவிட்டால் அதன்மேல் புதுத்திசு படர்கிறது. சில மாதத்தில் வில்லை கரைந்துவிடுகிறது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. "புதிது" என்ற சொல்லைக் கேட்டதும் நம்பிவிடக் கூடாது. ஒன்று தோற்றது, ஒன்று ஜெயித்தது, இரண்டும் புதியவைதான். யாருக்கு வைத்தார்கள், எத்தனை பேருக்குக் கூடியது என்று கேட்கவேண்டும். இரண்டாவது, பொருள் எதிலிருந்து வந்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. மாட்டுப் பொருளை ஏற்காதவர் நம்மில் உண்டு. பன்றிப் பொருளை ஏற்காத தோழர்களும் உண்டு. கத்தி வைக்குமுன் கேட்டால் டாக்டர் சொல்லுவார், வேறு வழி உண்டா என்றும் பேசலாம். வெட்கப்பட்டு வாய்மூடி இருந்துவிட்டுப் பிறகு மனம் வருந்துவதில் பயனில்லை.

இப்போது மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். பட்டானாலும் கொலாஜனானாலும், எந்தச் சாரமும் போன காலத்தைத் திருப்பித் தராது. தோள் நாண் அறுந்து நாள் பல கடந்தால் முனை உள்ளே இழுத்துக்கொள்ளும். வேலையற்ற தசை மெலியும். தசை இருந்த இடத்தில் கொழுப்பு ஏறும். பிறகு எவ்வளவு உயர்ந்த ஒட்டு வைத்தாலும், இழுக்கத் தசை இல்லையானால் நாண் எதற்கு? ஆகவே விஞ்ஞானம் எவ்வளவு முன்னேறினாலும் முதல் மருந்து காலத்தோடு சொல்லுவதுதான். நம்மவர்களோ அதைத்தான் செய்வதில்லை. ஒரு நாள் சம்பளம் போகுமே என்று தைலம் தடவிக்கொண்டு விடியுமுன் நிரைக்குப் போய்விடுகிறோம். ஒரு நாள் சம்பளத்தைக் காப்பாற்றி, இருபது வருஷச் சம்பளத்தை இழக்கிறோம்.

ஆகவே சில அடையாளங்களை மனத்தில் வையுங்கள். பால்வெட்டுக் கத்தி விரலில் இறங்கிய பின் அந்த விரல் மடங்கவில்லை, அல்லது நீட்ட முடியவில்லை என்றால், காயம் சின்னதாய்த் தெரிந்தாலும் உள்ளே நாண் அறுந்திருக்கலாம். அதைத் தோலோடு தைத்து அனுப்பினால் போதாது. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சில நாட்களுக்குள் தைத்தால்தான் நல்ல பலன். கையைப் பக்கவாட்டில் தூக்க முடியவில்லை, அந்தப் பக்கம் சாய்ந்து படுத்தால் இரவெல்லாம் வலி என்றால், தோள் நாணைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் குதிகாலுக்கு மேல் சுரீரென்று விட்டது, நுனிக்காலில் நிற்க முடியவில்லை என்றால், அது சுளுக்கு அன்று. இத்தகைய இடத்தில் பிடித்து இழுத்து நீவி விடுகிறவரிடம் கொடுக்காதீர்கள். சர்க்கரை நோயும் புகைப் பழக்கமும் நாண் கூடுவதைக் கெடுக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

சிகிச்சை முடிந்தால் எல்லாம் முடிந்ததா? இல்லை. தோளைத் தைத்தால் நாலு முதல் ஆறு வாரம் கை தொட்டிலில் கிடக்கவேண்டும். பாரவேலைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இடையில் உடற்பயிற்சி சிகிச்சை இன்றியமையாதது. புது இழைகள் நேராக அடுங்குவதற்கு அளவான இழுப்பு வேண்டும். அதிகமானால் அறும், இல்லாமலே போனால் விறைத்துவிடும். அந்த அளவைக் கற்றுக்கொடுப்பதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள். இந்த ஆங் மோ கியோவில் உள்ள நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் அந்தத் தொழிலைப் பல ஆண்டுகள் கற்பித்திருக்கிறார்கள். இதே வட்டாரத்துத் தை ஹுவா குவான் மருத்துவமனையும், பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வரும் நோயாளிகளை மறுபடி நடக்கவும் கை அசைக்கவும் பழக்கும் இடமாக இருக்கிறது. கொடுத்த பயிற்சியைப் பாதியில் விடாதீர்கள். சாரத்தை டாக்டர் வைக்கலாம். கட்டடத்தைக் கட்டுவது உங்கள் உடம்பும் உங்கள் பொறுமையும்தான்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. தொழிலாளி வந்து "கை வலிக்கிறது" என்றால் அதை அன்றே எழுதிவையுங்கள். எந்த நாள், எந்த வேலையில், எந்தக் கை என்று ஒரு வரி போதும். சிங்கப்பூரில் 2019ஆம் ஆண்டின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டப்படி, முதலாளியின் குற்றத்தை மெய்ப்பிக்காமலே இழப்பீடு கோரலாம். ஆனால் விபத்து நடந்த ஓராண்டுக்குள் கோரவேண்டும். மலேசியாவில் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சொக்சோ பாதுகாப்பு உண்டு. எந்தப் பக்கத்திலும் கேட்கும் முதல் கேள்வி, "எப்போது நடந்தது, எங்கே எழுதப்பட்டிருக்கிறது?" என்பதுதான். நீங்கள் எழுதாத ஒரு வரியால் ஒரு குடும்பத்தின் சோறு போகலாம்.

நிர்வாகத்திடம் நாம் கேட்பதும் பெரிதன்று. நாண் தைத்துக்கொண்டு வந்தவருக்கு டாக்டர் சொன்ன காலம்வரை இலேசான வேலை கொடுங்கள். மரத்துக்கு ஓய்வு கொடுக்காமல் வெட்டினால் பட்டை கெடும் என்று நமக்கு விதி எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள்தானே? மரத்தின் பட்டைக்கு உள்ள ஓய்வு மனிதனின் நாணுக்கும் வேண்டும்.

தோழர்களே, முப்புரியின் அமைப்பு 1954இல் சென்னையில் தெரிந்தது. முயலின் நாணில் பின்னல் சாரம் சிங்கப்பூரில் 2003இல் பேசியது. நம் தோளுக்கு உதவும் ஒட்டுகள் இப்போதுதான் ஒவ்வொன்றாய் வருகின்றன. சில தோற்கின்றன, சில நிற்கின்றன. விஞ்ஞானிகள் தங்கள் பங்கைப் பொறுமையாகச் செய்கிறார்கள். நம் பங்கு, வலியை மறைக்காமல் காலத்தோடு சொல்லுவதும், சொன்னவரைக் கைவிடாமல் நிற்பதும். நாளைக்கே உங்கள் நிரையில், உங்கள் ஆபீசில், உங்கள் வீட்டில் கை தூக்க முடியாமல் இருப்பவர் யார் என்று கேளுங்கள். அவரை டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.